லட்ச ரூபாய் கேட்டார், கொடுத்தார்கள்!
வெள்ளைச் சேலை கட்டிய கே.பி.சுந்தராம்பாளின் கதை

1935-ம் ஆண்டு. தமிழில் பேசும் படம் வந்து நான்கு வருடங்களே ஆகியிருந்தன. ஒரு சவரன் தங்கம் முப்பது ரூபாய்க்கும் குறைவாக விற்ற காலம்.

அந்தக் காலத்தில் ஒரே ஒரு படத்தில் நடிப்பதற்கு ஒரு நடிகை வாங்கிய சம்பளம் எவ்வளவு தெரியுமா? ஒரு லட்சம் ரூபாய்! அதைக் கொண்டு மூவாயிரம் சவரனுக்கு மேல் தங்கம் வாங்கலாம்.

அந்த நடிகைதான் கே.பி.சுந்தராம்பாள். ஆனால் அவர் பணத்துக்கு ஆசைப்பட்டு அவ்வளவு பெரிய தொகையைக் கேட்கவில்லை. "இவ்வளவு கேட்டால் பட முதலாளி திரும்பிப் போய்விடுவார்" என்று நினைத்துத்தான் கேட்டார் என்று சொல்வார்கள்.

நடிக்க அவருக்கு ஏன் மனம் இல்லை? அதுதான் கதை.

ரெயிலில் பாடிய சிறுமி

ஈரோட்டுக்கு அருகே, காவிரிக் கரையில் உள்ள ஊர் கொடுமுடி. அங்கே 1908-ம் ஆண்டு அவர் பிறந்தார். தாயார் பெயர் பாலாம்பாள். குடும்பத்தில் கொடிய வறுமை. சிறுமி சுந்தராம்பாள் ரெயிலில் பாடிக் காசு வாங்கி வருவார். அன்றைக்கு அடுப்பு எரியும்.

அந்தக் குரல் அவரை நாடக மேடைக்கு அழைத்துச் சென்றது. முதலில் சிறுவன் வேடம் போட்டார். வளர்ந்த பிறகு கதாநாயகி ஆனார். அப்போது ஒலிபெருக்கி கிடையாது. ஆனாலும், கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் அவர் பாட்டில் ஒரு சொல் தவறாமல் கேட்கும்.

கொழும்பில் சந்திப்பு

நாடகம் நடத்த இலங்கைக்குப் போனார் சுந்தராம்பாள். கொழும்பில், 1926-ம் ஆண்டு, எஸ்.ஜி.கிட்டப்பாவைச் சந்தித்தார்.

கிட்டப்பா செங்கோட்டைக்காரர். பாட்டில் அவரை மிஞ்ச அன்றைய மேடையில் ஆள் இல்லை. அவர் முருகன், இவர் வள்ளி. இருவரும் சேர்ந்து நடித்தால் சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு ஜனங்கள் வருவார்கள்.

மேடை ஜோடி வாழ்க்கையிலும் ஜோடி ஆயிற்று. 1927-ல் மணம் நடந்தது. கிட்டப்பாவோ ஏற்கெனவே மணமானவர். இன்பம் நீடிக்கவில்லை. பிறந்த குழந்தை சில நாட்களிலேயே இறந்தது. இருவருக்கும் இடையே மனஸ்தாபம் வளர்ந்தது. கிட்டப்பாவின் குடிப்பழக்கம் அவர் உடம்பைக் கெடுத்தது.

1933-ம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி கிட்டப்பா காலமானார். முப்பது வயதுகூட நிரம்பவில்லை. சுந்தராம்பாளுக்கு வயது 25.

அன்று அவர் வெள்ளைச் சேலை கட்டினார். சாகும் வரை அதை மாற்றவில்லை. எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்றும் உறுதி எடுத்துக்கொண்டார்.

ஆண் வேடம்

இந்த நிலையில்தான் "நந்தனார்" படம் எடுக்க முதலாளி அசன்தாஸ் வந்தார். லட்ச ரூபாய் என்றதும் அவர் பின்வாங்கவில்லை, சரி என்றார்!

சொன்ன சொல்லை மாற்ற முடியாது. சுந்தராம்பாள் நடித்தார். ஆனால் தன் உறுதியை விடவில்லை. படத்தில் அவர் ஏற்றது நந்தனார் வேடம். ஆண் வேடம்! ஜோடி என்ற பேச்சுக்கே இடம் இல்லை. சங்கீத வித்வான் மகாராஜபுரம் விசுவநாதய்யர் வேதியராக நடித்தார்.

அதற்குப் பிறகு அவர் ஏற்ற வேடங்களைப் பாருங்கள். 1940-ல் மணிமேகலை, துறவு பூண்டவள். 1953-ல் ஜெமினி எஸ்.எஸ்.வாசன் எடுத்த படத்தில் ஔவையார், தமிழ் மூதாட்டி. 1964-ல் "பூம்புகார்" படத்தில் கவுந்தி அடிகள், சமணத் துறவி. எல்லாம் அவருடைய வெள்ளைச் சேலைக்குப் பொருந்திய வேடங்கள்.

காதல் காட்சி இல்லை. நடனம் இல்லை. நகை நட்டு இல்லை. ஆனாலும் ஜனங்கள் டிக்கெட் வாங்கினார்கள். அந்தக் குரலுக்காக!

சட்டசபையில்

காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி அவரைத் தேசியப் பணிக்கு அழைத்தார். 1937 தேர்தலில் ஊர் ஊராகச் சென்று பாடிப் பிரசாரம் செய்தார் சுந்தராம்பாள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அந்தப் பாட்டுகள் விஷயத்தை விளக்கின.

1951-ல் சென்னை மேல்சபை உறுப்பினர் ஆனார். ரெயிலில் பாடிப் பிழைத்த பெண், சட்டம் செய்யும் சபையில் உட்கார்ந்தார். இந்தியாவில் சினிமாக் கலைஞர் ஒருவர் சட்டமன்றத்தில் இடம் பெற்றது அதுவே முதல் தடவை என்பார்கள்.

அறுபதிலும் அதே குரல்

1965-ல் வந்த "திருவிளையாடல்" படத்தில் மீண்டும் ஔவையாராக வந்தார். அவருடைய வயதில் மற்றவர்களுக்குக் குரல் தளர்ந்துவிடும். அவருக்குத் தளரவில்லை.

சாண்டோ சின்னப்பா தேவரின் "துணைவன்" 1969-ல் வெளிவந்தது. அதில் பாடியதற்காகச் சிறந்த பின்னணிப் பாடகி என்ற தேசிய விருது கிடைத்தது. அப்போது அவருக்கு வயது அறுபதுக்கு மேல்! 1970-ல் பத்மஸ்ரீ பட்டமும் வந்தது.

1980-ம் ஆண்டு சுந்தராம்பாள் காலமானார்.

கிட்டப்பாவோடு அவர் வாழ்ந்த காலம் சில வருடங்கள்தான். அதிலும் சண்டையும் பிரிவும் உண்டு. அவரை நினைத்து வாழ்ந்த காலமோ 46 வருடங்களுக்கு மேல். அழுதுகொண்டே உட்கார்ந்திருக்கவும் இல்லை; உழைத்தார், பாடினார்.

முருகன் கோவில் திருவிழாக்களில் விடியற்காலையில் ஒலிபெருக்கி கட்டியதும் இன்றும் அவர் பாட்டு எழும். வாசல் தெளிக்கும் பெண்கள் ஒரு நிமிஷம் கை நிறுத்திக் கேட்பார்கள்.