முட்டை மிதக்கும் பதம்

ரம்ஜான் மாதத்து ஹைதராபாத்தில், ஒரு கிண்ணம் ஹலீம் என்ற இறைச்சிக் கூழை நெய்யோடு வழித்துச் சாப்பிட்டவரிடம் மூன்று மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்துப் பாருங்கள். குழாயின் மேற்பாதியில் வைக்கோல் நிறத்தில் தெளிந்து நிற்கவேண்டிய நீர், பால் கலந்ததுபோல் கலங்கியிருக்கலாம். குளிர்பெட்டியில் ஓர் இரவு வைத்தால் காலையில் மேலே ஆடை படிந்திருக்கும். குடல் அப்போதுதான் அனுப்பிய கைலோமைக்ரான் என்ற கொழுப்பு உருண்டைகள் அவை.

ரத்தத்தின் மற்ற கொழுப்பு உருண்டைகள் அப்படிச் சுலபமாக மேலே வராது. கொழுப்பு நீரில் கரையாது என்பதால், உடல் அதைப் புரதத்தோடு பொதிந்து ரத்தத்தில் விடுகிறது. அதுதான் லிப்போபுரோட்டீன். கொழுப்பு மிகுந்த பொதி லேசு; புரதம் மிகுந்தது கனம். இவற்றைப் பிரிக்கும் வழி நம் விவசாயிக்குப் புதிதல்ல. முட்டை மிதக்கும் பதத்துக்கு உப்பைக் கரைத்து விதைநெல்லைக் கொட்டினால் பதர் மேலே வரும், மணி அடியில் தங்கும். ஆய்வகத்தில் சமையல் உப்புக்குப் பதில் பொட்டாசியம் புரோமைடு. அடர்த்தி 1.063 ஆனதும் எல்.டி.எல். என்ற லேசான பொதி மிதக்கும், 1.21-க்கு ஏற்றினால் எச்.டி.எல். என்ற கனமான பொதியும் எழும். ஆனால் சும்மா வைத்தால் நடக்காது, புவியீர்ப்பைப்போல் லட்சம் மடங்கு விசையில் மணிக்கணக்காகச் சுழற்ற வேண்டும். 1950 வாக்கில் அமெரிக்காவின் பெர்க்லியில் ஆய்வாளர் ஜான் கோஃப்மன் இப்படிச் சுழற்றித்தான் இவற்றை வகை பிரித்தார்.

ஊர் ஊராகப் போய் ரத்தம் எடுப்பவர்களுக்கு இது கட்டுப்படியாகாது. 1918-ல் குன்னூரில் தொடங்கி 1958-ல் ஹைதராபாத்துக்குக் குடிபோன தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1987–90-ல் அந்நகரை அடுத்த 29 கிராமங்களில் அது ஓர் ஆய்வு நடத்தியது. அவற்றில் 15-ல் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் சத்துணவு தரப்பட்டது. வளர்ந்த பிள்ளைகள் ஆயிரத்துக்கு மேற்பட்டோரை 2003–05-ல் சோதித்தார்கள். சத்துணவு பெற்ற ஊர்ப் பிள்ளைகளிடம் இன்சுலின் நன்றாக வேலை செய்தது. ரத்தக் கொழுப்பிலோ பெரிய வித்தியாசமில்லை.

பெருந்திரளான மாதிரிகளுக்கு நொதிகள் கைகொடுக்கின்றன. அவை கொலஸ்டிராலை ஆக்சிஜனேற்றும்போது இளஞ்சிவப்பு நிறம் எழும். நிறத்தின் ஆழமே அளவு. எல்.டி.எல்.லைப் பல இடங்களில் அளப்பதுகூட இல்லை. மொத்த கொலஸ்டிராலில் எச்.டி.எல்.லையும், டிரைகிளிசரைடு என்ற கொழுப்பில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துவிடுகிறார்கள். ஃப்ரீட்வால்ட் 1972-ல் தந்த கணக்கு. டிரைகிளிசரைடு டெசிலிட்டருக்கு 400 மில்லிகிராமைத் தாண்டினால் இது செல்லாது. ஹலீம் குழாயை அதில் போட்டால் பொய்தான் வரும். அதற்குப் பழைய உப்புநீர் கைகொடுக்கும்.