வானொலி வழியே வந்த கணினி நிரல்



1982 ஏப்ரலில் கிளைவ் சின்கிளேரின் நிறுவனம் பிரிட்டனில் 'இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம்' என்ற வீட்டுக் கணினியை வெளியிட்டது. விசைகள் ரப்பரால் ஆனவை. திரைக்கு வீட்டு டி.வி.யே போதும். நினைவகம் 16 அல்லது 48 கிலோபைட்தான். சுவிட்சைப் போட்டதும் பேசிக் மொழி தயாராக நிற்கும். பிள்ளைகள் தாங்களே நிரல் எழுதிப் பழகினார்கள்.

விளையாட்டுகள் பாட்டு கேட்கும் அதே கேசட்டில் வந்தன. கீச்சென்ற ஒலி சில நிமிடம் ஓடிய பிறகே ஆட்டம் திரைக்கு வரும். 1983இல் வெளியாகிப் புகழ்பெற்ற 'மானிக் மைனர்' ஆட்டத்தை எழுதிய மாத்யூ ஸ்மித், அப்போது பதின்வயதுப் பையன்!

நிரலே ஒலியாக இருந்ததால், அதை வானொலியிலும் அனுப்ப முடிந்தது. நெதர்லாந்தின் என்.ஓ.எஸ். வானொலி 'ஹாபிஸ்கோப்' நிகழ்ச்சியில் நிரல்களை ஒலிபரப்பியது. நேயர்கள் கேசட்டில் பதிந்து கணினியில் ஏற்றிக்கொண்டார்கள். பல நிறுவனக் கணினிகளுக்கும் பொருந்த, 'பேசிகோட்' என்ற பொதுவடிவமும் உருவானது.

அந்தக் கேசட்டுகளை ஆர்வலர்கள் இன்று டிஜிட்டல் கோப்புகளாக மாற்றிக் காக்கிறார்கள். பழைய ஆட்டங்களை இன்றைய கணினியிலும் ஆடலாம். பாராட்ட வேண்டிய பணி, நேயர்களே!