தோள்வலி 'குறைபாடு' ஆகாது

கல்லூரிச் சேர்க்கை முடிந்த வீட்டில் அடுத்த பெரிய செலவு லேப்டாப். கடைக்காரர் முதலில் பட்ஜெட் கேட்பார், பிறகு ஐ5 வேண்டுமா ஐ7 வேண்டுமா என்று கேட்பார். இதை யார் தூக்கப் போகிறார்கள், எந்த பஸ்ஸில், எத்தனை மாடி ஏறி என்று அவர் கேட்பதில்லை. வாங்குபவரும் சொல்வதில்லை. வாங்கிய மறுவாரம் "கனமாக இருக்கிறது, பெண்ணால் தூக்க முடியவில்லை" என்று போய் நின்றால் கடை திருப்பி எடுக்காது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும் ஜெயிப்பது கடினம். பொருளில் குறை இருந்தால்தான் சட்டம் பரிகாரம் தரும், தேர்வு தவறிப்போனதற்குத் தராது.

ஆனால் அந்தச் சட்டத்திலேயே நமக்கு உதவும் ஓர் இடம் உண்டு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'குறைபாடு' என்பதை உடைசலோடும் பழுதோடும் நிறுத்தவில்லை. விற்பவர் எந்த வகையிலாவது உறுதி சொன்ன தரத்துக்குப் பொருள் குறைந்திருந்தால் அதுவும் குறைபாடுதான். "இது ஒன்றரைக் கிலோதான், பேட்டரி 8 மணி நேரம் நிற்கும்" என்று கடைக்காரர் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்து, வீட்டில் எடை போட்டால் இரண்டு கிலோ வந்தால், அப்போது அது வெறும் தோள்வலி இல்லை, வழக்கு. ஆகவே வாங்குவதற்கு முன் நமக்கு வேலை இரண்டு. நம் தேவை என்ன என்று தெரிந்துகொள்வது. விற்பவர் வாயால் சொல்வதை எழுத்தில் வாங்கிக்கொள்வது.

எடையில் தொடங்குவோம், அதிகம் ஏமாறும் இடம் அதுதான். விளம்பரத்தில் போடுவது கருவியின் எடை மட்டும். அதிலும் 'முதல்' என்றொரு சொல் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த வரிசையிலேயே மிக லேசான மாடலின் எடை அது. பெரிய பேட்டரியோ தொடுதிரையோ உள்ள மாடல் அதைவிடக் கனக்கும். 13, 14 அங்குலக் கருவிகள் பெரும்பாலும் 1.2 முதல் 1.5 கிலோ வரை இருக்கும். 15.6 அங்குலம் என்றால் 1.6 முதல் 1.9 கிலோ. கேமிங் லேப்டாப் 2.2 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். சார்ஜர் தனிக் கணக்கு. மெல்லிய கருவியின் 65 வாட் சார்ஜர் கால் கிலோவுக்குப் பக்கத்தில் நிற்கும். கேமிங் கருவியின் 200 வாட் சார்ஜர் அரைக் கிலோவுக்கு மேலேயே போகும். அந்தக் கருவிக்குப் பேட்டரி சீக்கிரம் தீரும் என்பதால் சார்ஜரை ஹாஸ்டலில் வைத்துவிட்டும் வர முடியாது. இரண்டையும் சேர்த்து, பையின் எடை, ஒரு லிட்டர் தண்ணீர், சாப்பாட்டு டப்பா, நோட்டு எல்லாம் கூட்டினால் ஐந்தரை, ஆறு கிலோ வந்துவிடும்.

பள்ளிப் பைக்கு 2020ஆம் ஆண்டின் தேசியக் கொள்கை ஒரு வரம்பு சொல்கிறது: பத்தாம் வகுப்பு வரை, குழந்தையின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. பள்ளிப் பைச் சுமையைக் குறைக்க வழிசெய்யும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2018இலேயே உத்தரவிட்டது. கல்லூரிக்குப் போனதும் அந்த அக்கறை எங்கோ காணாமல் போகிறது. 45 கிலோ எடையுள்ள மாணவி தினமும் ஆறு கிலோ சுமந்து, பஸ்ஸில் ஒரு மணி நேரம் நின்றபடி போகிறாள். அவளுக்கு எந்த வரம்பும் எழுதப்படவில்லை. வீட்டில் இருப்பவர்கள் அந்தப் பள்ளிக் கணக்கையே அவளுக்கும் போட்டுப் பார்ப்பதில் தப்பே இல்லை. பையில் இரண்டு கிலோ அரிசியைப் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு, வழக்கமாகப் போகும் தூரம் ஒருநாள் போய்வரச் சொல்லுங்கள். கடையில் ஐந்து நிமிடம் கையில் தூக்கிப் பார்ப்பதைவிட அது சரியான பதில் சொல்லும்.

எடை குறைந்தால் திரையும் குறையும் என்பது உண்மை. 15.6 அங்குலத் திரையிலிருந்து 14 அங்குலத்துக்கு இறங்கினால் பரப்பளவில் குறைவது ஐந்தில் ஒரு பங்குக்குப் பக்கம். நாள் முழுக்க எக்செல் அட்டவணை பார்ப்பவருக்கு அது பெரிய இழப்புதான். ஆனால் அந்த இழப்பை ஈடுகட்ட வழி உண்டு. வீட்டு மேசையில் ஒரு தனி மானிட்டரை வைத்துவிட்டால் போதும். தோளில் ஏறிய எடையைக் குறைக்க அப்படி ஒரு வழி கிடையாது. தினமும் எடுத்துப் போகிறவர் தயங்கும்போது சிறியதன் பக்கம் சாய்வதே நல்லது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

தொழிலைப் பொறுத்தும் கணக்கு மாறும். ஆடிட்டர் அலுவலகத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் செய்பவர் டேலியில் எண்களைத் தட்டிக்கொண்டே இருப்பார். எண்களுக்கான தனிப் பகுதி விசைப்பலகையில் வேண்டும் என்று பெரிய கருவியைத் தேடுவார். ஆனால் வாரத்தில் பல நாள் மின்சார ரயிலில் வெவ்வேறு அலுவலகங்களுக்கு ஓடுபவரும் அவரே. சில நூறு ரூபாய்க்கு யுஎஸ்பி எண்பலகை தனியாகவே கிடைக்கிறது. எழுத்து வேலை செய்பவர் விசைகளின் அழுத்தத்தையும் இடைவெளியையும் தட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். தமிழ்99இல் வேகமாகத் தட்டுபவருக்கு, எண்பகுதிக்கு இடம்விட்டு விசைப்பலகை இடப்பக்கம் ஒதுங்கியிருந்தால் அந்தக் கோணல் மணிக்கட்டில் தெரியும். கட்டட வரைபடம், வீடியோ எடிட்டிங் செய்பவருக்குக் கனமான கருவி தவிர்க்க முடியாதது. அவர்கள் அதை ஓரிடத்தில் வைத்துப் பயன்படுத்தும்படி திட்டமிடட்டும். கல்லூரியில் சேரும்போதே 'இந்த அளவு கருவி கட்டாயம்' என்று பேச்சு எழுந்தால், எந்தப் பாடத்துக்கு, எந்த மென்பொருளுக்கு என்று துறையில் கேட்டுவிட்டு வாங்குங்கள். பல படிப்புகளில் முதல் ஆண்டுக்கு அது தேவைப்படாது.

எந்த அளவானாலும் திரையைக் கண்ணுக்கு நேராக வைத்தால் விசைகள் உயரத்துக்குப் போய்விடும், விசைகளை வாகாக வைத்தால் கழுத்து குனியும். மணிக்கணக்கில் உட்காருபவர் கருவியை ஒரு ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு, தனி கீபோர்டும் மவுசும் வைத்துக்கொள்ள வேண்டும். சூடான கருவியைத் தொடைமேல் வைத்தே தினமும் வேலை பார்த்தால் அந்த இடத்துத் தோல் வலைபோல் கறுத்துப்போகலாம் என்பது மருத்துவர்கள் பதிவு செய்திருக்கும் விஷயம்.

லேசாகவும் இருக்க வேண்டும், விலையும் குறைவாக இருக்க வேண்டும் என்று தேடுபவர்களுக்கு ஒரு பொறி காத்திருக்கிறது. ஒரு கிலோ, ஒன்றேகால் கிலோவில் வரும் மலிவுக் கருவிகள் சிலவற்றில் 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி சேமிப்பு மட்டும் இருக்கும். விண்டோஸும் அதன் அப்டேட்டுகளும் பெரும்பகுதியை விழுங்கிவிடும். இரண்டும் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால் பின்னால் கூட்டவும் முடியாது. ரேம் கூட்ட ஸ்லாட் இருக்கிறதா என்று கேட்காமல் மெல்லிய கருவி எதையும் வாங்க வேண்டாம். சென்னை ரிச்சி தெருவிலும் மற்ற ஊர்க் கடைகளிலும் கிடைக்கும் பழைய 'ரீஃபர்பிஷ்டு' கருவிகளில் நல்லவை உண்டு. ஆனால் விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டன. இன்டெல் சிப் என்றால், ஒருசில விதிவிலக்கு தவிர, 8ஆம் தலைமுறைக்குக் கீழே உள்ளவற்றுக்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடைக்காது. லினக்ஸ் போட்டுக்கொள்ளத் தெரிந்தவருக்கு அது ஒரு குறையே இல்லை. தெரியாதவர் அந்தத் தலைமுறை எண்ணைக் கேட்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

கடையில் செய்ய வேண்டியது அதிகமில்லை. மாடலின் முழு எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் பத்து வகை இருக்கும், கடைசி எழுத்துகளில்தான் வித்தியாசம். கருவியின் அடியிலும் சார்ஜரிலும் பிஐஎஸ் முத்திரையும், ஆங்கில 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் யாருக்குக் கொடுத்த எண் என்று தெரியும். ஊர்பேர் தெரியாத மலிவு சார்ஜரை ஒதுக்கிவிடுங்கள். எடை, ரேம், பேட்டரியின் வாட்-அவர் அளவு, வாரண்டி எத்தனை மாதம், பேட்டரிக்கு அது பொருந்துமா என்பதைக் கடைக்காரருக்கு மெசேஜாக அனுப்பி, 'சரி' என்று பதில் வாங்கிய பிறகு பணம் கட்டுங்கள். பில்லில் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். பில் தர மறுப்பதே சட்டப்படி முறையற்ற வணிகம். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். குறைபாடுள்ள பொருளை, பில்லில் கெடு சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அதே சட்டத்தில் முறையற்ற வணிகம்தான்.

ஆன்லைனில் வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுத்து வையுங்கள். பல தளங்கள் லேப்டாப்புக்கு 'மாற்றித் தருவோம், பணம் தர மாட்டோம்' என்று எழுதியிருக்கும். ஆனால் 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, பொருள் குறைபாடுள்ளதாகவோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாததாகவோ இருந்தால், விற்பவர் திரும்ப எடுக்கவோ பணம் தரவோ மறுக்கக் கூடாது. பொருளின் பக்கத்தில் போட்டிருக்கும் எடையையும் அளவையும் வாங்கிய அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது இதற்காகத்தான்; அந்தப் பக்கம் நாளை மாறிவிடலாம். தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும்.

அதற்கும் அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். பல புகார்கள் அங்கேயே முடிந்துவிடுகின்றன. முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி பெங்களூரிலோ டெல்லியிலோ இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை; வக்கீல் கட்டாயமில்லை; இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். கருவியில் கோளாறு இருக்கிறதா என்று ஆய்வகத்துக்கு அனுப்பிப் பரிசோதிக்கவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். சர்வீஸ் சென்டரில் கருவியைக் கொடுக்கும்போதெல்லாம் தேதியும் கோளாறும் எழுதிய ஜாப் ஷீட்டைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் மூன்று முறை ரிப்பேருக்குப் போனதை நிரூபிப்பது மிகக் கஷ்டம்.

சொந்தத் தொழில் செய்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் இந்தச் சட்டத்தில் நுகர்வோர் ஆக மாட்டார். வரிச் சலுகைக்காக ஜிஎஸ்டி எண் போட்டு நிறுவனத்தின் பெயரில் பில் வாங்கியிருந்தால், எதிர்த்தரப்பு முதலில் எடுத்து வைக்கும் வாதம் அதுவாகத்தான் இருக்கும். ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே வாங்கிப் பயன்படுத்துபவரை அதே சட்டம் நுகர்வோராக ஏற்கிறது. டிடிபி வேலை செய்பவரும், மொழிபெயர்ப்பாளரும், வீட்டிலிருந்து கணக்கு எழுதிக் கொடுப்பவரும் அந்த விளக்கத்தைப் புகாரின் முதல் பத்தியிலேயே எழுதிவிட வேண்டும்.