பழைய மடிக்கணினிக்கு எந்தச் சார்ஜர்?

பல வீடுகளில் ஒரு பழைய மடிக்கணினி அலமாரிக்குள் தூங்கிக்கொண்டிருக்கும். நீங்கள் குழந்தையாக இருந்தபோது எடுத்த படங்கள், ஊருக்குப் போனபோது தாத்தா கதை சொன்ன காணொளி எல்லாம் அதற்குள் இருக்கும். ஆனால், வீடு மாறியபோது சார்ஜர் தொலைந்து போயிருக்கும். "இனிமே இது எதுக்கு? தூக்கிப் போட்டுடலாம்" என்று யாராவது சொல்வார்கள்.

அவசரப்பட வேண்டாம். அதற்குப் பொருந்தும் வேறு சார்ஜரைத் தேடலாம். ஆனால், கைக்குக் கிடைத்த ஒன்றை எடுத்து, "துளைக்குள்ள போகுதே, அப்போ சரிதான்" என்று செருகிவிடாதீர்கள். துளையில் பொருந்துவது வேறு. மின்சாரம் பொருந்துவது வேறு. தவறான சார்ஜரைச் செருகினால் கணினியே கெட்டுப்போகலாம்.

சார்ஜர் என்ன செய்கிறது?

ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் இலங்கையிலும் சுவரில் வரும் மின்சாரம் ஏறக்குறைய 230 வோல்ட். கனடாவில் 120 வோல்ட். பழைய மடிக்கணினிகள் பலவற்றுக்கு ஏறக்குறைய 19 வோல்ட்தான் தேவை. சார்ஜர் வடத்தின் நடுவில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறதே, அதுதான் அடாப்டர். சுவரில் வரும் மின்சாரத்தைக் குறைத்து, கணினிக்கு ஏற்ற நேர்திசை மின்சாரமாக மாற்றித் தருவது அதன் வேலை.

அந்தப் பெட்டியில் சிறிய எழுத்தில் ஒரு லேபிள் இருக்கும். அதில் 'இன்புட்' என்பது சுவரிலிருந்து உள்ளே வருவது. 'அவுட்புட்' என்பது கணினிக்குப் போவது. நாம் முதலில் பார்க்க வேண்டியது 'அவுட்புட்' எண்களைத்தான். கணினிக்கு எவ்வளவு தேவை என்பது பெரும்பாலும் அதன் அடிப்பக்கத்தில் எழுதியிருக்கும். அங்கே இல்லையென்றால், கணினியின் மாடல் எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் கையேட்டில் தேடுங்கள்.

நான்கு சோதனைகள்

1. வோல்ட்: கணினி கேட்கும் வோல்ட்டும் அடாப்டர் தரும் வோல்ட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். கூடினால் கணினியின் உள்ளே இருக்கும் பாகங்கள் கருகலாம். குறைந்தால் கணினி ஓடாமல் போகலாம்.

2. ஆம்பியர்: இது கணினி கேட்கும் அளவாகவோ அதைவிடக் கூடுதலாகவோ இருக்கலாம். ஆனால், குறையக் கூடாது. பெரிய அண்டா நிறையச் சோறு இருந்தாலும் நாம் பசிக்கு ஏற்றபடிதானே சாப்பிடுகிறோம்? கணினியும் அப்படித்தான், தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். சோறு குறைவாக இருந்தால்தான் தொல்லை. ஆம்பியர் போதாத அடாப்டர் அளவுக்கு மீறிச் சூடாகும்.

வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் கிடைக்கும். 19 × 3.42 = 64.98. இதைத்தான் கடைகளில் '65 வாட் சார்ஜர்' என்கிறார்கள்.

3. முனை: வட்ட முனைகள் எல்லாம் ஒரே அளவு அல்ல. வெளிவட்டம் 5.5 மில்லிமீட்டராக இருக்கும் இரண்டு முனைகளில், ஒன்றின் உள்துளை 2.1 மில்லிமீட்டராகவும் மற்றொன்றின் உள்துளை 2.5 மில்லிமீட்டராகவும் இருக்கலாம். இந்த வேறுபாடு கண்ணுக்கு எளிதில் தெரியாது. டெல், எச்.பி. கணினிகள் பலவற்றின் முனையில் நடுவே ஒரு மெல்லிய ஊசி இருக்கும். "நீ எந்த அடாப்டர்?" என்று கணினி கேட்பது அதன் வழியாகத்தான். பதில் வராவிட்டால், கணினி ஓடினாலும் பேட்டரி சார்ஜ் ஆகாமல் போகலாம்.

4. கூட்டல், கழித்தல் குறி: வட்ட முனை உள்ள அடாப்டரின் லேபிளில் ஒரு சிறு படம் இருக்கும். முனையின் நடுப்பகுதி கூட்டலா, கழித்தலா என்று அது காட்டும். கணினியில் உள்ள படமும் அடாப்டரில் உள்ள படமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பேசிப் பார்ப்போம்

மகள்: அப்பா, நம்ம கணினிக்கு அடியில 19 வோல்ட், 3.42 ஆம்பியர்னு போட்டிருக்கு.
அப்பா: சரி. பெட்டியில என்னென்ன சார்ஜர் இருக்கு? படி, பார்ப்போம்.
மகள்: முதலாவது 19 வோல்ட், 2.37 ஆம்பியர்.
அப்பா: வோல்ட் சரி. ஆனா ஆம்பியர் பத்தாது.
மகள்: இரண்டாவது 24 வோல்ட், 4 ஆம்பியர். நம்ம பழைய பிரிண்டரோடது. முனை நல்லாப் பொருந்துதே!
அப்பா: பொருந்தட்டும், ஆனா செருகாதே! வோல்ட் கூடிப்போச்சு.
மகள்: மூணாவது 19 வோல்ட், 4.74 ஆம்பியர். ஆம்பியர் கூட இருக்கே?
அப்பா: கூட இருந்தா பரவாயில்லைம்மா. முனையும் குறியும் ஒண்ணா இருக்கான்னு பாரு.
மகள்: ரெண்டும் ஒண்ணுதான் அப்பா!

கவனம்!

வடம் கிழிந்திருந்தால் அந்தச் சார்ஜரைப் பயன்படுத்தாதீர்கள். அடாப்டரைத் திறக்கவே கூடாது. பழைய கணினியின் அடிப்பகுதி வீங்கியிருந்தால் பேட்டரி கெட்டிருக்கலாம். அதைச் சார்ஜ் செய்யாமல் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

ஊருக்குக் கொண்டு போகலாமா?

'இன்புட்' வரியில் '100–240 வோல்ட்' என்று இருந்தால், அதே அடாப்டரைச் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் டொரண்டோவிலும் பயன்படுத்தலாம். சுவரில் செருகும் முனை மட்டும் அந்தந்த நாட்டுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

இப்போது வரும் மடிக்கணினிகள் பலவற்றில் யூ.எஸ்.பி.-சி துளை இருக்கிறது. 2026 ஏப்ரல் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனைக்கு வரும் புதிய மடிக்கணினிகளையும் அந்த வகைச் சார்ஜரால் சார்ஜ் செய்ய முடிய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால், அலமாரியில் இருக்கும் பழைய கணினிக்கு அந்தத் துளை இல்லையே! அதற்கு லேபிளைப் படிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம்.

புதிய சொற்கள்

மடிக்கணினி – லேப்டாப்
காணொளி – வீடியோ
வடம் – கேபிள்
நேர்திசை மின்சாரம் – ஒரே திசையில் ஓடும் மின்சாரம்
அண்டா – சோறு சமைக்கும் மிகப் பெரிய பாத்திரம்

பயிற்சி

1. அடாப்டரின் வேலை என்ன?
2. ஆம்பியர் கூடுதலாக இருந்தால் ஏன் பரவாயில்லை?
3. ஒரு கணினிக்கு 20 வோல்ட், 3.25 ஆம்பியர் தேவை. அது எத்தனை வாட்?
4. "ஆம்பியர் பத்தாது", "குறி ஒண்ணா இருக்கான்னு பாரு" – இவற்றை எழுத்துத் தமிழில் எழுதுக.
5. வீட்டில் உள்ள ஒரு சார்ஜரின் லேபிளைப் பெரியவர் ஒருவருடன் சேர்ந்து படித்து, அதில் உள்ள எண்களைக் குறித்து வருக.