கொட்டகைச் சுவரில் குறைந்த செலவில் அலமாரி

வட்டார அலுவலகமாயினும், விரிவாக்க ஊழியரின் குடியிருப்பாயினும், கைத்தொழில் கற்பிக்கும் பள்ளியாயினும், வண்டி நிறுத்துவதற்கென்று கட்டப்பட்ட கொட்டகை நாளடைவில் சாமான் அறையாகவும் மாறிவிடுவது வழக்கம். வண்டியைச் சுற்றிலும் தெளிப்பான், மண்வெட்டி, வண்ணப்பூச்சு டின்கள், எந்திர எண்ணெய், விதைப் பொட்டலங்கள், பூச்சிமருந்துப் புட்டிகள் ஆகியவை சேர்ந்துகொள்கின்றன. தரையில் இடமில்லாதபோது மனிதர் சுவரை நோக்குகின்றனர். நான்கு ஆணி அடித்து ஒரு பலகையைப் பொருத்துவதுடன் காரியம் முடிந்துவிட்டதாகவும் எண்ணுகின்றனர்.

பலகைத்தட்டு போதாதா, கதவுள்ள அலமாரி எதற்கு என்று கேட்கலாம். ஆணியும் மண்வெட்டியும் வைக்கப் பலகைத்தட்டு போதும். நஞ்சு வைக்கப் போதாது. 2013ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் பீகார் மாநிலத்தின் சாரண் மாவட்டத்தில், ஒரு தொடக்கப் பள்ளியில் மதிய உணவு உண்ட குழந்தைகளில் 23 பேர் உயிரிழந்தனர். சமையலுக்குப் பயன்பட்ட எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிமருந்து கலந்திருந்ததாகத் தடய அறிவியல் சோதனையில் தெரியவந்தது. நிறத்திலும் புட்டியின் வடிவத்திலும் ஒன்றுபோல் தோன்றும் பொருள்கள் பூட்டில்லாத ஓரிடத்தில் சேர்ந்து கிடக்கும் கொட்டகை எதுவும் இந்த அபாயத்திற்கு அப்பாற்பட்டதன்று. ஆதலின் சுவர் அலமாரிக்குச் செலவைக் குறைக்க முற்படுவோர் மரத்தில் குறைக்கலாம், மெருகில் குறைக்கலாம், கதவின் அழகில் குறைக்கலாம்; பூட்டிலும், சுவரில் பொருத்தும் திருகாணியிலும் மட்டும் குறைக்கலாகாது.

புதிதாகச் செய்வதற்குமுன், கிடைப்பதைத் தேடிப் பார்ப்பது சிக்கனம். வீடுகளில் சமையலறையைப் புதுப்பிக்கும்போது கழற்றப்படும் மேல் அலமாரிகள் பழைய மரச்சாமான் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றை வாங்குமுன் பின்பக்கத்தையும் அடிப்பலகையையும் விரலால் அழுத்திப் பார்க்கவேண்டும். மரத்துகள்களைப் பசையிட்டு அழுத்திச் செய்யப்பட்ட பலகையாயின், ஒருமுறை நீர் பட்ட இடம் உப்பிப் பொருபொருத்துவிடும். அங்கே திருகாணி நில்லாது. அலுவலகங்களில் கழிவு செய்யப்பட்ட இரும்பு அலமாரிகளும் ஏலத்திற்கு வருவதுண்டு. ஆயின் அவை தரையில் நிற்பதற்கென்று செய்யப்பட்டவை. வெற்று நிலையிலேயே பெரும்பாரம் உடைய அவற்றைச் சுவரில் தொங்கவிட முயல்வது தவறு. செங்கல் அடுக்கின்மீது நிறுத்திப் பயன்படுத்துவதே முறை.

சரக்குகள் கட்டிவரும் மரச்சட்டகங்களும் பெட்டிகளும் மற்றொரு மலிவான வழி. அயல்நாட்டுச் சரக்குடன் வரும் சட்டகங்களில் கோதுமைக் கதிர் போன்ற ஒரு முத்திரை சூடுபோடப்பட்டிருக்கும். அதன் பக்கத்தில் எச்.டி. என்ற எழுத்துகள் இருப்பின், மரத்தின் உட்பகுதி வரை 56 டிகிரி செல்ஷியஸ் வெப்பத்தில் 30 நிமிடங்கள் வைக்கப்பட்டது என்று பொருள். எம்.பி. என்று இருப்பின் மெதில் புரோமைடு என்னும் நச்சுப் புகை ஊட்டப்பட்டது. வீட்டு உபயோகத்திற்கு இதனைத் தவிர்ப்பது நலம். வெப்பம் ஊட்டிய மரத்திலும் உள்ளிருந்த பூச்சிகள் மட்டுமே மடிந்திருக்கும். பின்னர் வரும் கரையானை அது தடுக்காது. கழிவான கம்பங்களையும் வேலிக்கால்களையும் அறுத்துப் பலகையாக்குவது பற்றியும் ஓர் எச்சரிக்கை அவசியம். பச்சைச் சாயல் படிந்த மரமாயின், தாமிரம், குரோமியம், ஆர்சனிக் ஆகியவை அடங்கிய காப்புமருந்து ஏற்றப்பட்டதாக இருக்கலாம். 1930களில் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சொண்டி காமேசம் உருவாக்கிய இம்முறை உலகெங்கும் பரவி, கம்பங்களுக்கும் தண்டவாளக் கட்டைகளுக்கும் நீண்ட ஆயுளைத் தந்தது. எனினும் ஆர்சனிக் கலந்த தூளை மூச்சில் வாங்கும்படி அம்மரத்தை அறுப்பதும், துண்டுகளை அடுப்பில் எரிப்பதும் தகாதவை.

புதிய பலகை வாங்குவோர்க்கு இன்று பெரும்பாலும் கைக்கு எட்டுவது பிளைவுட் எனப்படும் ஒட்டுப்பலகையே. முன்னர் இது காட்டு மரங்களைக் கொண்டு செய்யப்பட்டது. 1996ஆம் ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் காடுகளில் மரம் வெட்டுவதற்குக் கடும் வரம்பு விதித்தபின், உழவர்கள் வயல் வரப்புகளில் வளர்க்கும் பாப்லர், யூகலிப்டஸ் மரங்களுக்கு முக்கியத்துவம் கூடியது. ஹரியானாவின் யமுனாநகர் இத்தொழிலின் பெரிய மையமாயிற்று. கேரளத்தில் சுமார் 25 முதல் 30 ஆண்டுகள் பால் தந்து ஓய்ந்த ரப்பர் மரமும், அசாமில் மூங்கிற்பாயை அடுக்கி அழுத்திய பலகையும் இதே பணிக்கு உதவுகின்றன. எந்த ஊரில் எது அருகில் கிடைக்கிறதோ அதுவே அங்கு மலிவு. ஒட்டுப்பலகையில் மட்டும் பசையின் தரத்தைக் கவனிக்கவேண்டும். எம்.ஆர். எனக் குறிக்கப்படுவது ஓரளவு ஈரம் தாங்குவது, பி.டபிள்யூ.ஆர். என்பது கொதிநீரையும் தாங்கும் பசை கொண்டது. மழைக்காலத்தில் சாரல் புகும் கொட்டகைக்கு இரண்டாவது தரமே தகும். விலை சிறிது கூடுதலாயினும், அடுக்குகள் பிரிந்துபோன பலகையை மூன்றாம் ஆண்டில் மாற்றுவதைவிட இது குறைந்த செலவு.

அலமாரியின் அளவைப் பலகையின் அளவே தீர்மானிக்கட்டும். கடையில் கிடைக்கும் பலகை 244 சென்டிமீட்டர் நீளமும் 122 சென்டிமீட்டர் அகலமும் உடையது. 18 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு பலகையை நீளவாட்டில் 30 சென்டிமீட்டர் அகலமுள்ள நான்கு பட்டைகளாக அறுத்தால், ரம்பம் தின்பது போக ஏறக்குறைய ஒன்றும் வீணாகாது. முதற் பட்டையில் 75 சென்டிமீட்டர் நீளமுள்ள பக்கப்பலகைகள் மூன்று. இரண்டாவதில் ஒரு பக்கப்பலகையும் 71.4 சென்டிமீட்டர் நீளமுள்ள தட்டுகள் இரண்டும். மூன்றாவதிலும் நான்காவதிலும் அதே அளவுள்ள தட்டுகள் மும்மூன்று. ஆக நான்கு பக்கங்களும் எட்டுத் தட்டுகளும் கிடைக்கும். இவற்றைக் கொண்டு அகலமும் உயரமும் 75 சென்டிமீட்டர், ஆழம் 30 சென்டிமீட்டர் உள்ள இரண்டு அலமாரிகளின் கூடுகளை முடிக்கலாம். ஒவ்வொன்றிலும் மேற்பலகை, அடிப்பலகை, இடையில் இரண்டு தட்டுகள் இருக்கும். முதுகுக்கு 6 மில்லிமீட்டர் பலகை போதும். அது மூலைமட்டம் கெடாமல் கூட்டைப் பிடித்து நிறுத்துகிறது. கைத்தொழில் ஆசிரியர்கள் இந்தப் பங்கீட்டை முதலில் காகிதத்தில் வரையச் சொல்லி, மாணவர்களைக் கொண்டே கணக்கிடச் செய்யலாம்.

தட்டு நீளமாக இருந்தால் வசதி என்று பலர் கருதுகின்றனர். தட்டு முழுவதும் சாமான் நிரம்பியிருக்கையில், அதன் தொய்வு நீளத்தின் நான்காம் அடுக்கிற்கு ஏற்ப வளர்கிறது. 60 சென்டிமீட்டர்த் தட்டை 90 சென்டிமீட்டராக நீட்டினால் தொய்வு ஒன்றரை மடங்கு ஆவதில்லை, ஐந்து மடங்காகிறது. கனமோ மறுபக்கமாக உதவுகிறது: 12 மில்லிமீட்டருக்குப் பதிலாக 18 மில்லிமீட்டர்ப் பலகையை இட்டால் தொய்வு மூன்றில் ஒரு பங்கிற்கும் குறையும். தட்டின் முன் விளிம்பில் நான்கு சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு சட்டத்தைச் செங்குத்தாகப் பதித்துவிட்டால், கனம் கூட்டாமலே பெரும் பலன் கிட்டும். புட்டிகள் உருண்டு விழுவதையும் அது தடுக்கும்.

இனி, சுவர். தொங்கும் அலமாரி கீழே இழுப்பதோடு நில்லாமல், மேல் விளிம்பில் சுவரைவிட்டு வெளியேயும் இழுக்கிறது. அதன் அடிவிளிம்பு சுவரில் ஊன்றிக்கொள்ள, பாரம் நெம்புகோல்போல் இயங்குவதே இதற்குக் காரணம். மேற்கூறிய அலமாரி சாமானுடன் 60 கிலோ எடையுள்ளது என்று கொள்வோம். அதன் எடைமையம் சுவரிலிருந்து சுமார் 15 சென்டிமீட்டர் தொலைவில் இருக்கும். 60ஐ 15ஆல் பெருக்கி, உயரமான 75ஆல் வகுத்தால் 12 வரும். அதாவது மேற்பகுதித் திருகாணிகளை வெளியே இழுக்கும் விசை ஏறக்குறைய 12 கிலோ எடைக்குச் சமம். ஆழத்தை 45 சென்டிமீட்டராக்கினால் சாமானும் ஒன்றரை மடங்கு ஏறி, எடை 90 கிலோவாகும், எடைமையம் 22.5 சென்டிமீட்டருக்கு நகரும். இழுவிசை 27 கிலோவாக உயரும். ஆழம் பாதியளவு கூடியதற்கு இழுவிசை இரு மடங்கிற்கும் மேலாகிவிட்டது. ஆதலின் சுவர் அலமாரி ஆழம் குறைந்தும் உயரம் மிகுந்தும் இருப்பதே பாதுகாப்பு.

பொருத்துவதற்கு மேலைநாட்டுத் தச்சர்கள் கையாளும் சாய்வுச் சட்டமுறை எளிதும் மலிவுமாகும். அலமாரியின் அகலத்திற்குச் சமமான நீளமும் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரு சட்டத்தை, நீளவாட்டில் 45 டிகிரிச் சாய்வில் இரண்டாகப் பிளக்கவேண்டும். ஒரு பாதியை, அதன் சாய்வு சுவரை நோக்கித் தாழும்படி, ரசமட்டம் பார்த்துச் சுவரில் திருகவேண்டும். மறுபாதியை அலமாரியின் முதுகில் மேற்புறமாக, கூர்விளிம்பு கீழ்நோக்கும்படி, பக்கப்பலகைகளையும் மேற்பலகையையும் பற்றுமாறு பொருத்தவேண்டும். பின்னர் இருவர் அலமாரியைத் தூக்கி மாட்டினால் ஒன்றின்மேல் ஒன்று கொக்கிபோல் அமர்ந்துகொள்ளும். பாரம் கூடக்கூடச் சுவரோடு நெருங்கும். முதுகின் கீழ்ப்புறத்தில் அதே கனமுள்ள ஒரு கட்டையை வைத்தால் அலமாரி நேராக நிற்கும். நில அதிர்ச்சி மிகுந்த கட்ச், வடகிழக்கு, இமயமலை அடிவாரப் பகுதிகளில் அக்கட்டை வழியாகச் சுவருக்குள் மேலும் இரண்டு திருகாணிகள் இடவேண்டும். இல்லையேல் குலுக்கலில் அலமாரி மேலெழும்பிக் கழன்றுவிடும்.

திருகாணியின் நீளத்தைக் கணக்கிடுகையில் சுவர்ப்பூச்சைச் சேர்க்கலாகாது. சட்டம் 18 மில்லிமீட்டர், பூச்சு 15 மில்லிமீட்டர், செங்கல்லுக்குள் குறைந்தது 40 மில்லிமீட்டர். ஆக 75 மில்லிமீட்டர்த் திருகாணி வேண்டும். ஒரு சட்டத்திற்கு நான்கு இடலாம். துளை, செங்கற்களின் இணைப்பில் விழாமல் செங்கல்லின் உடலில் விழவேண்டும். துளைக்குள் இடும் முளையை இன்றும் ராவல் பிளக் என்றே கொத்தனார்களும் மின்பணியாளர்களும் அழைக்கின்றனர். 1911ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் ராலிங்ஸ் என்பார் அமைத்த முதல் முளை சணல் நாரினால் ஆனது. இன்று அந்த இடத்தை நைலான் பிடித்துக்கொண்டது. ஒற்றைச் செங்கல் கனமுள்ள ஒன்பது அங்குலச் சுவர் இவ்வாறு பாரம் தாங்கும். நாலரை அங்குலத் தடுப்புச் சுவரில் கனமான அலமாரியைத் தொங்கவிடாமல் இருப்பதே நலம். மண்சுவரிலும் பச்சைச் செங்கல் சுவரிலும் எந்த முளையும் நில்லாது. அங்கு இரண்டு மரக்கால்களைத் தரையில் கல்மீது நிறுத்தி, பாரம் முழுவதையும் அவற்றில் இறக்கிவிடவேண்டும். தகரக் கொட்டகையாயின் கம்பங்களுக்கிடையே குறுக்குச் சட்டமிட்டு, அதில் மாட்டவேண்டும்.

சாய்வுச் சட்டத்தினால் சுவருக்கும் முதுகுக்கும் இடையில் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி தானாகவே அமைகிறது. சுவரின் ஈரம் பலகையில் ஏறாதிருக்க இது உதவும். கரையானும் மண்ணிலிருந்து மண்குழாய் கட்டிக்கொண்டே ஏறவேண்டியிருப்பதால், இடைவெளியில் விளக்கைக் காட்டினால் குழாய் கண்ணுக்குத் தெரிந்துவிடும். திண்மரப் பலகைகளுக்கு, 10 லிட்டர் வெந்நீரில் 300 கிராம் போராக்சும் 200 கிராம் போரிக் அமிலமும் கரைத்து, பலமுறை பூசி உலரவிடலாம். மழையில் கரைந்துவிடுமாதலால் இது கூரைக்குள் இருக்கும் மரத்திற்கே ஏற்றது, கையுறையும் அவசியம்.

எதனை உள்ளே வைப்பது என்பதில் சிறிது கண்டிப்பு வேண்டும். பேட்டரி, ஜாக்கி போன்ற பாரமானவை தரையிலேயே இருக்கட்டும். மின்னேற்றும்போது பேட்டரியிலிருந்து எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளிப்படுவதால் மூடிய அலமாரி அதற்கு இடமன்று. பெட்ரோலுக்கும் அங்கு இடமில்லை. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகள் குவிந்து கிடந்தால் தாமாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். அவற்றை விரித்து உலர்த்தவேண்டும், அல்லது மூடியுள்ள தகர டப்பாவில் நீர் ஊற்றி வைக்கவேண்டும். இரண்டு அலமாரிகளில் ஒன்றைப் பூச்சிமருந்திற்கென்றே ஒதுக்கி, குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டவேண்டும். விதை, தீவனம், உணவு எண்ணெய் ஆகியவை அந்தக் கொட்டகையிலேயே இராமல் வேறிடத்தில் இருத்தல் சிறப்பு. அதன் கதவில் கீழும் மேலும் சில துளைகள் இட்டுக் காற்றோட்டம் தரலாம். தட்டில் விளிம்புள்ள ஒரு தட்டத்தை வைத்தால் ஒழுகும் மருந்து அதிலேயே தங்கும். மருந்தை ஒருபோதும் வேறு புட்டிக்கு மாற்றலாகாது. காலியான மருந்துப் புட்டியைத் துளையிட்டுச் சிதைக்காமல் வெளியே விடலாகாது. பூட்டின் சாவி, பொறுப்பேற்ற ஒருவரிடமே இருத்தல் வேண்டும். கதவருகே ஆணியில் தொங்கும் சாவி பூட்டு இல்லாததற்குச் சமம்.

முதல் மழைக்காலம் கழிந்தபின் சாமான்களை இறக்கிவிட்டு, சட்டத்தின் நான்கு திருகாணிகளையும் ஒருமுறை முறுக்கிப் பார்க்கவேண்டும். முளையுடன் சேர்ந்து சுழலும் திருகாணி இருப்பின், அந்தத் துளையைக் கைவிட்டு, ஒரு சாண் தள்ளி வேறொரு செங்கல்லில் புதிய துளை இடவேண்டும்.