லேபிளுக்கு எந்த மெருகு?

மஞ்சள் தூள் பொட்டலத்தின் மேல் ஒட்டும் ஸ்டிக்கருக்கும், சேலையில் நூல் கோத்துத் தொங்கவிடும் அட்டைக்கும், தேங்காயெண்ணெய்ப் புட்டியின் லேபிளுக்கும் ஒரே மெருகைக் கேட்டு வாங்கும் வழக்கம் நம் சங்கங்கள் பலவற்றில் இருந்துவருகிறது. அச்சகத்தார் மேசைமேல் மாதிரிகளைப் பரப்புகிறார், விளக்கு வெளிச்சத்தில் எது அதிகம் பளபளக்கிறதோ அதை நிர்வாகக் குழுவினர் சுட்டிக் காட்டுகின்றனர், ஆர்டர் முடிந்துவிடுகிறது. லேபிள் வாழப்போவதோ அந்த மேசையின் மேல் அன்று. எண்ணெய் படிந்த கைகளிலும், லாரியில் குலுங்கும் அட்டைப் பெட்டிக்குள்ளும், கடை அலமாரியின் தூசியிலும், வாங்குவோர் வீட்டுச் சமையலறையிலும் அது காலந்தள்ள வேண்டும். ஆகவே அச்சகத்துக்குப் புறப்படுமுன் நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் மூன்று: இந்த லேபிள் எதனோடு உரசப் போகிறது? எதில் நனையப் போகிறது? அதன்மேல் பின்னர் நாம் எதை எழுதப் போகிறோம்?

இதை அற்ப விஷயம் என்று தள்ளிவிட இயலாது. லேபிள் கறைபட்டோ உரிந்தோ போன பொட்டலத்தைக் கடைக்காரர் திருப்பி அனுப்புவாராயின், உள்ளே இருக்கும் சரக்கு பழுதற்றதாயினும் வண்டிக்கூலியும் மறு அடைப்புச் செலவும் சங்கத்தின் தலையிலேயே விழுகின்றன. அதாவது அங்கத்தினர்களின் பங்காதாயத்திலிருந்தே அது போகிறது. சட்டமும் இதில் தலையிடுகிறது. உணவுப் பொருளின் லேபிள் கொள்கலத்தினின்றும் பிரிந்துவிடாதபடி பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்றும், அதிலுள்ள விவரங்கள் தெளிவாகவும் அழியாதனவாகவும் எளிதில் படிக்கத்தக்கனவாகவும் இருத்தல் வேண்டும் என்றும் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிகள் கூறுகின்றன. அழியாமை என்பது மையையும் காகிதத்தையும் மட்டுமன்றி மேற்பூச்சையும் பொறுத்தது.

மெருகின் தன்மையை விளங்கிக்கொள்வது கடினமன்று. காற்றில்லாத வேளையில் கோயில் குளத்து நீர் கோபுரத்தை அப்படியே காட்டுகிறது. சிற்றலை எழும்பினால் அதே நீர் வெளிச்சத்தை நாலாபுறமும் சிதறடித்து, கோபுரத்தைக் கலைத்துவிடுகிறது. அச்சகத்தார் ‘கிளாசி’ என்று கூறும் பளபள மெருகு அசையாத நீரைப் போன்றது. ஒளி ஒரே திசையில் திரும்பிச் செல்வதால், மற்றத் திசைகளிலிருந்து நோக்கும்போது கறுப்பு நல்ல கறுப்பாகவும், சிவப்பு ஆழ்ந்த சிவப்பாகவும் தோன்றும். ஆனால் ஒளி திரும்பும் திசையில் நிற்பவருக்குக் கண் கூசும், எழுத்துத் தெரியாது. ‘மேட்’ எனப்படும் மங்கல் மெருகு அலையெழும்பிய நீர். நிறங்கள் சற்று வெளிறும். ஆயினும் எப்பக்கம் நின்றும் படிக்கலாம். நெசவாளர்களுக்கு இது கைகண்ட செய்தி. மெர்சரைஸ் செய்த நூலைச் சாதாரணப் பருத்தி நூலுக்கு அருகில் வைத்துப் பார்த்தால் அதன் நிறம் ஆழ்ந்து தோன்றுவதற்கு, அது சாயத்தை மிகுதியாக ஏற்பதோடு, இழை பருத்து உருண்டு வழவழப்பாகிவிடுவதும் காரணமாகும்.

மெருகு ஏற்றும் முறைகளோ சில. அச்சு இயந்திரத்திலேயே மேலோட்டமாகப் பூசும் வார்னிஷ் மலிவானது. மை கையில் ஒட்டாமல் காக்கும், அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்கலாகாது. நீரில் கரைந்த பூச்சு விரைவில் உலரும். ‘யூ.வி.’ என்பது புறஊதா ஒளி பட்டவுடன் இறுகும் பூச்சு. பளபளப்பு மிகுதி, ஆனால் மடிக்கும் இடத்தில் வெடிக்கக்கூடும். லேமினேஷன் என்பது பூச்சே அன்று. மெல்லிய பிளாஸ்டிக் படலத்தைக் காகிதத்தின்மேல் ஒட்டுவதாகும். இவற்றுள் உறுதி மிக்கது அதுவே, செலவும் கூடுதல். வெல்வெட் போல் கைக்கு மென்மையாகத் தோன்றும் படலம் ஒன்றும் உண்டு. பரிசுப் பெட்டிக்கு அது பொருந்தலாம். அரைக்கிலோ நாட்டுச்சர்க்கரைப் பொட்டலத்துக்கு அது வீண் செலவு என்பதே நம் கருத்து.

எண்ணெய் விற்கும் சங்கங்கள் இங்கே சற்று நின்று கவனிக்க வேண்டும். ‘குரோமோ’ எனப்படும் வழவழப்பான காகித ஸ்டிக்கரை வாங்கி, அதன்மேல் லேமினேஷனும் செய்துவிட்டால் எண்ணெய் அணுகாது என்று பலர் நினைக்கின்றனர். படலம் மூடுவது லேபிளின் முகத்தை மட்டுமே. வெட்டிய ஓரங்களில் காகிதம் திறந்தே கிடக்கிறது. புட்டியின் கழுத்திலிருந்து வழியும் ஒரு சொட்டு எண்ணெய் அந்த ஓரத்தின் வழியாக உள்ளே புகுந்து, விளக்குத்திரியில் ஏறுவதுபோல் நடுவரை ஏறும். சில வாரங்களில் லேபிளைச் சுற்றிக் கண்ணாடி போன்ற ஒரு விளிம்பு தோன்றும். பின்னர் ஒட்டுப்பசையும் இளகிவிடும். இத்தகைய சரக்குக்கு மெருகை மாற்றிப் பயனில்லை. காகிதத்தையே மாற்ற வேண்டும். பாலிப்ரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கிலேயே அச்சிட்ட ஸ்டிக்கர் எண்ணெயை உறிஞ்சுவதில்லை. குளிர்பெட்டியில் வைக்கும் தயிர், பழக்கூழ் ஆகியவற்றுக்கும் இதுவே பொருந்தும். குளிர்ந்த புட்டியை வெளியே எடுத்தவுடன் அதன்மேல் வேர்க்கும் நீரில் காகித லேபிள் ஊறிச் சுருங்குவதை அங்கத்தினர்கள் கண்டிருப்பார்கள். பிளாஸ்டிக் ஸ்டிக்கரின் விலை கூடுதல்தான். ஆனால் திரும்பி வரும் ஒரு பெட்டிச் சரக்கின் செலவோடு அதை ஒப்பிட்டுக் கணக்கிட வேண்டும்.

மஞ்சள் தூளுக்கு நிலைமை வேறு. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்த பின்னர், அப்பெயரைத் தாங்கும் பொட்டலத்தின் தோற்றத்தில் விவசாயிகளுக்கு அக்கறை வளர்வது இயல்பே. அடைக்கும் அறையில் தூள் காற்றிலேயே மிதக்கிறது. மெருகில்லாத வெள்ளைக் காகிதம் அதைப் பற்றிக்கொண்டு, கடைக்குப் போகுமுன்னரே பழுப்பேறிப் பழைய சரக்குப் போல் தோன்றும். மங்கல் மெருகின் நுண்ணிய சொரசொரப்பிலும் தூள் தங்க இடமுண்டு. பளபள மெருகிலோ ஈரமில்லாத துணியால் ஒரு முறை துடைத்தால் போதும். மிளகாய்த் தூள், கொத்தமல்லித் தூள் ஆகியவற்றுக்கும் நாம் பளபள மெருகையே சிபாரிசு செய்வோம். அழகு இரண்டாவது காரணம். துடைக்க முடிவதே முதற் காரணம்.

ஜவுளிக்கு லேபிள் என்பது நெடுநாளைய பழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் மான்செஸ்டரிலிருந்து இந்தியாவுக்கு வந்த துணிகளில், தெய்வங்களும் விலங்குகளும் பல வர்ணங்களில் அச்சிட்ட ‘டிக்கெட்’டுகள் ஒட்டப்பட்டிருந்தன. எழுத்தறியாதவரும் படத்தைக் கண்டு சரக்கை அடையாளம் கண்டனர். அதற்கு நேர் எதிரான உதாரணம் சிவகாசித் தீப்பெட்டி. 1923-இல் அங்கே தீப்பெட்டித் தொழில் தொடங்கி, அதற்கு வேண்டிய லேபிள்களை அச்சிடும் தேவையோடு அவ்வூரின் அச்சுத் தொழிலும் வளர்ந்தது. சில நாட்களில் எறியப்படும் தீப்பெட்டியின் லேபிளுக்கு மெருகேற்றிக் காசைக் கரைக்க வேண்டியதில்லை. நம் சந்தைச் சரக்கிலும் அதே வாரத்தில் தீர்ந்துபோகும் கீரைக் கட்டுக்கும் முறுக்குப் பொட்டலத்துக்கும் சாதாரணக் காகிதமே போதும்.

இனிச் சேலைக்கு வருவோம். துணியின்மேல் நேரே ஸ்டிக்கர் ஒட்டுவதை நாம் எவ்வகையிலும் ஒப்புக்கொள்ளோம். சித்திரை வெயிலில் கிடங்கின் சூட்டில் பசை இளகித் துணியில் இறங்கும். பிறகு உரித்தால் கறை நிற்கும், ஜரிகையாயின் இழையே இழுபடும். ஸ்டிக்கரை வெளி உறையின்மேல் ஒட்டுக. சேலைக்கு அட்டையை நூலில் கோத்துக் கட்டுக. அந்த அட்டையில்தான் மெருகு பற்றிய தவறுகள் மிகுதி. மெருகே இல்லாமல் கருநீலமோ மெரூனோ அடர்த்தியாக அச்சிட்ட அட்டை, மடிப்புக்குள் அழுந்தி உரசும்போது தன் மையை வெண்பட்டின் மேல் விட்டுவிடும். பல நாள் உழைத்து நெய்த சேலை, சில காசு வார்னிஷை மிச்சப்படுத்தியதால் கழிவுச் சரக்காகிறது. ஆதலின் துணியைத் தொடும் எந்த அட்டைக்கும் ஏதேனும் ஒரு பூச்சு இருந்தே தீர வேண்டும்.

மங்கல் லேமினேஷன் கைத்தறிக்கு மிகவும் இயைந்த தோற்றம் தருவது உண்மை. பருத்தியின் அடக்கம் அதில் உண்டு. ஆனால் அடர்ந்த நிறத்தின்மேல் அதைப் போட்டால், ஒன்றோடொன்று உரசிய இடமெல்லாம் வெண்கீறல்கள் விழும். எனவே மங்கல் மெருகை விரும்புவோர் வெளிர் நிறப் பின்னணியைத் தேர்ந்தெடுத்தல் நலம். மற்றொன்று: அட்டையின் ஒரு பக்கம் மட்டும் லேமினேஷன் செய்தால், மழைக்காலத்தில் மறுபக்கக் காகிதம் ஈரத்தை உறிஞ்சி விரிய, அட்டை அப்பளம் போல் வளைந்துவிடும். செய்தால் இரு பக்கமும் செய்க. இல்லையேல் வார்னிஷோடு நிறுத்துக. 2006-இல் தொடங்கப்பட்ட கைத்தறி முத்திரையின் லேபிள் ஜவுளிக் குழுவின் ஏற்பாட்டில் கிடைப்பதாதலின் அதன் மெருகு நம் தேர்வில் இல்லை. நம் ஸ்டிக்கர் அதை மறைக்காமல் பார்த்துக்கொள்வதே நம் வேலை.

எல்லாவற்றினும் மிகுதியாக மறக்கப்படுவது எழுதும் இடம். அடைக்கப்பட்ட பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டின் எடையளவு விதிகளின்படி அதிகபட்சச் சில்லறை விலையும் மாத வருடமும் பொட்டலத்தில் இருத்தல் வேண்டும். இவை அடைப்புக்கு அடைப்பு மாறுவனவாதலின், முன்கூட்டி அச்சிடாமல் ரப்பர் முத்திரையால் குத்துகிறோம். சாதாரண முத்திரை மை உலர்வது காகிதம் அதை உறிஞ்சுவதால்தான். பிளாஸ்டிக் படலம் உறிஞ்சாது. குத்திய தேதி கட்டைவிரல் பட்டதும் ஓடிவிடும். தேதியில்லாத பொட்டலத்தைப் பரிசோதகர் கண்டால், நாம் குத்தினோம் என்ற சமாதானம் செல்லாது. இதற்கு வழி, வார்னிஷோ யூ.வி.யோ பூசும்போது தேதிக்கும் விலைக்கும் உரிய கட்டத்தை மட்டும் பூச்சின்றி விடச் சொல்வதாகும். லேமினேஷனில் இவ்வாறு சாளரம் விடுவது எளிதன்று. அங்கே படலத்தின்மேல் எழுதவல்ல மையையோ, ரிப்பன் வைத்து அச்சிடும் சிறு இயந்திரத்தையோ நாடவேண்டும். அந்த ரிப்பனிலும் வேறுபாடு உண்டு. மெழுகு ரிப்பன் காகிதத்துக்கு ஏற்றது. பிளாஸ்டிக் ஸ்டிக்கருக்கு ரெசின் ரிப்பன் வேண்டும். தராசோடு இணைந்து ரிப்பனின்றிச் சூட்டினால் மட்டும் எழுத்து வரும் ஸ்டிக்கர் சிலநாள் சரக்குக்கே தகும். வெயிலிலும் எண்ணெயிலும் அதன் எழுத்து மறைந்துபோகும்.

பெரிய கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் சங்கங்கள் பார்கோடு பற்றியும் யோசிக்க வேண்டும். வெண்மையின்மேல் கறுப்புக் கோடுகளே சிறந்தவை. செவ்வொளியால் படிக்கும் கருவிக்குச் சிவப்புக் கோடுகள் தெரியவே தெரியா. சங்கத்தின் நிறம் சிவப்பு என்பதற்காகக் கோட்டையும் சிவப்பாக்க வேண்டாம். மிகுந்த பளபளப்பு கருவியின் ஒளியையே திருப்பியடித்துத் தடுமாறச் செய்யக்கூடுமாதலால், அந்த இடத்தில் மங்கல் மெருகு உதவும். சிறு புட்டியாயின் கோடுகள் ஏணிப்படி போல் ஒன்றன்மேல் ஒன்றாக அமையட்டும். வளைவில் கோடுகள் மறையா.

முழு ஆர்டரையும் கொடுக்குமுன் நம் லேபிளையே நம் பொருளில் ஒட்டிச் சோதிப்பது அவசியம். அச்சகத்தின் அழகு மாதிரி இதற்கு உதவாது; பாலிதீன் பையில் பசை பிடிக்காமற் போவதும் இச்சோதனையிலேயே தெரியவரும். ஈரமில்லாத வெள்ளைத் துணியால் இருபது முறை அழுத்தித் தேய்த்து, துணியில் நிறம் ஏறுகிறதா என்று பாருங்கள். ஓரத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மறுநாள் காலை பாருங்கள். ஒரு லேபிளில் பாதியை அட்டையால் மூடி வெயில் படும் சன்னலில் இரண்டு வாரம் வைத்தால், மூடிய பாதிக்கும் மூடாத பாதிக்கும் உள்ள வேறுபாடு மையின் யோக்கியதையைச் சொல்லிவிடும். முத்திரை குத்திப் பத்து நிமிஷம் கழித்துக் கட்டைவிரலால் தேய்க்கவும் மறவாதீர்கள். இவற்றுக்குக் காசு செலவில்லை. அச்சகத்தாரிடம் இருபது மாதிரி கேட்டு வாங்கினால் போதும்.

ஆர்டர் கடிதத்தில் ‘நல்ல மெருகு’ என்று எழுதுவதால் பயனில்லை. காகிதமா பிளாஸ்டிக்கா, வார்னிஷா லேமினேஷனா, பளபளப்பா மங்கலா, ஒரு பக்கமா இரு பக்கமா, பூச்சில்லாத கட்டம் எங்கே, லேபிள் ஒட்டப்படும் கொள்கலம் எது என்பனவற்றை எழுத்தில் குறித்து, சோதனையில் தேறிய மாதிரியைக் கையெழுத்திட்டு இணையுங்கள். எண்ணிக்கை கூடினால் ஒன்றின் விலை குறையும் என்பது மெய்; எனினும் லேபிளில் குறிக்க வேண்டிய விவரங்கள் பற்றிய விதிகள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன; பசையும் நாட்பட வலுவிழக்கிறது. ஆறு மாதத் தேவைக்கு மேல் வாங்க வேண்டாம். வந்த கட்டுகளை உறை பிரிக்காமல், தகரக் கூரையின் சூடு இறங்காத அறையில், தரையில் படாமல் பலகைமேல் அடுக்கி, முதலில் வந்ததை முதலில் எடுத்துச் செலவழிக்குமாறு கிடங்குப் பொறுப்பாளரிடம் சொல்லி வையுங்கள்.