தூரத்துப் போர் வளர்த்தது, உள்ளூர்ப் போர் முடக்கியது

போர் கனியத் தொழிலை என்ன செய்யும் என்பதற்கு இலங்கையின் காரீயமும் (கிராஃபைட்) கனிய மணலும் சாட்சி. முதல் உலகப் போரில் உலோகம் உருக்கும் மூசைகளுக்குக் காரீயம் பெருமளவில் வேண்டியிருந்தது. 1916இல் எமது ஏற்றுமதி 30,000 தொன்னைத் தாண்டியது. போர் ஓய்ந்ததும் விலை விழுந்தது; மடகாஸ்கர் காரீயம் போட்டிக்கு வந்தது; பல குழிகள் மூடப்பட்டன. போர் தந்த செழிப்பு போரோடு போயிற்று.

உள்நாட்டுப் போரோ தொழிலின் பாதையையே அடைத்தது. தமிழ் பேசும் முஸ்லிம்கள் வாழும் புல்மோட்டையில், 1957இல் அமைந்த கனிய மணல் கூட்டுத்தாபனம் இல்மனைட்டும் ரூட்டைலும் பிரித்தெடுத்து வந்தது. 1997 செப்டம்பரில் புல்மோட்டைக் கடலில் இல்மனைட் ஏற்றிய ‘கோர்டியாலிட்டி’ கப்பலை விடுதலைப் புலிகள் தாக்கினர், உயிர்கள் பலியாகின, ஏற்றுமதி முடங்கியது. மணல் கரையிலேயே கிடந்ததே, வாடைக்கால அலைகள் புதுமணலும் சேர்த்தனவே, இழப்பு ஏது என்று கேட்கலாம். மணல் இருந்தது உண்மை. அதைச் சோறாக்கும் கப்பலும் கொள்வனவாளரும் தொடர்ச்சியான வேலையும் இல்லாமற் போயின. போர்க்கால விலையை நம்பி எழுந்த தொழிலும் நிலைக்கவில்லை. போருக்குள் அகப்பட்ட தொழிலும் நிமிரவில்லை. கனிய வளம் மக்களின் வருமானமாக மாற நீடித்த சமாதானம் வேண்டும்.